யாரையும் விடத் தெரியாதவர் எழுதிய மாயக்கதை

நீர்க்கதவைத் திறப்பவர், திறக்கும் ஒவ்வொரு முறையும், தமக்கு வேண்டியவர்களில் ஒருவரை அடியோடு மறந்துவிடுவார். யாரை மறப்பது என்று அவர் தேர்ந்தெடுக்க முடியாது. மறக்கப்பட்டவர் எதிரில் வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. இதற்கு விதிவிலக்கு இல்லை.

முதல் பாகம், மூன்றாம் அத்தியாயம். நான் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விதி என்ற பெயரில் எழுதப்பட்ட எத்தனையோ பத்திகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான ஒன்றைப் பார்த்ததில்லை. பின்னால் நுழைவதற்கு வழி வைக்கும் 'எனினும்' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர் சிங்காநல்லூரில் வாடகைப் பாத்திரக் கடை நடத்திய ஒரு பெண்மணி.

குளத்துக்கு அடியில் ஒரு நாடு இருக்கிறது, அதற்கு ஒரு கதவு இருக்கிறது என்பதுதான் கதை. பூவாத்தா என்ற பெண் காணாமல் போன தன் தம்பியைத் தேடி முதன்முறையாக அந்தக் கதவைத் திறக்கிறாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினால், அடுப்படியில் யாரோ ஒரு பெண் களி கிண்டிக்கொண்டிருக்கிறார். பூவாத்தா வாசலிலேயே நின்று, "ஏனுங்க, நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறாள். அது அவளுடைய அம்மா. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

ஆறாம் பாகத்துக்கு வரும்போது, அதே பூவாத்தா ஒரே அத்தியாயத்தில் நான்கு முறை கதவைத் திறந்து மூடுகிறாள். ரேஷன் கடைக்குப் போவதுபோல் போகிறாள், வருகிறாள். யாரையும் மறக்கவில்லை. கையில் கொண்டுபோன தூக்குப்போசிப் பாத்திரத்தைக்கூட மறக்கவில்லை.

முதல் பாகத்தின் விதியைச் சுட்டி, மீறல்களைப் பக்க எண்ணோடு குறித்து, ஆசிரியருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. மறுநாள் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன்.

"ஏனுங் சார், இதே சிங்காநல்லூர்ல இருந்துக்கிட்டு எதுக்குங்க தபாலு? கடைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போலாமில்லீங்க?"

ஆட்சேபணை எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றேன். இனிமேல் அச்சுக்குப் போகும் முன்பே என்னிடம் காட்டினால் இருவருக்கும் தபால் செலவு மிச்சம் என்றும் சொன்னேன். "ஆகட்டுங்க" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து முதன்முறையாக அன்று கேட்டேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் மூச்சு விடும்போதே அது சேர்ந்து வெளியே வரும் என்பது தெரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கவிழ்த்து அடுக்கிய அண்டாக்களுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவில் ஒரு மேசை. மேசைமேல் கைப்பேசி. இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் வலது கைக் கட்டைவிரல் ஒன்றாலேயே கதை எழுதுவார். எழுதியதைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் வாரம் ஒரு அத்தியாயமாகப் போடுவார். ஈரோட்டில் மஞ்சள் மண்டிக் குடும்பத்துப் பையன் ஒருவர் பதிப்பகம் தொடங்கியிருந்தார். அவர் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். கடைக்கு யார் வந்து பேசினாலும் இந்தப் பெண்மணி தலையைச் சாய்த்து, வந்தவர் தன்னைக் கல்யாணத்துக்கு அழைக்க வந்ததுபோல் கேட்பார்.

அவர் கடையில் மிகப் பெரிய அண்டா ஒன்றுதான் உண்டு. ஒரு முகூர்த்த நாளில் அந்த ஒன்றை இரண்டு வீட்டுக்கும் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணம் சிங்காநல்லூரில், இன்னொன்று இருகூரில். நான் காய்கறி வாங்கிக்கொண்டு திருச்சி சாலையில் நின்றபோது ஒரு சரக்கு ஆட்டோ கடந்து போனது. பின்னால் இவர் உட்கார்ந்திருந்தார். முதல் வீட்டில் சோறு இறக்கிய சூடு ஆறாத அண்டாவை ஈரச் சாக்கு சுற்றி இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார். முகத்தில் வேர்வை. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட முடியவில்லை. இருகூர் சமையல்காரர் உலை வைக்காமல் காத்திருந்திருப்பார். அந்த ஆட்டோ ரயில்வே கேட்டில் மாட்டியிருந்தால் ஒரு கல்யாணப் பந்தி எழுந்து போயிருக்கும்.

இரண்டாவது வீட்டுக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன்.

"அவங்க ஊட்டுல மொதக் கல்யாணமுங்க. எப்படிங்க இல்லைன்னு சொல்றது?"

"முதல் வீட்டுக்காரர்கள்?"

"அவங்களும் தெரிஞ்சவங்கதானுங்க."

கதையிலும் இதேதான் நடந்தது. இரண்டாம் பாகத்தில் பரிசல்காரன் ஒருவன் பூவாத்தாவைக் கரைசேர்த்துவிட்டுச் சுழலில் செத்துப்போகிறான். நல்ல சாவு. எழுதிய விதத்தைச் சொல்கிறேன். பவானிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் இவரைக் கூப்பிட்டு, தன் அப்பாவும் பரிசல் போட்டவர்தான், அந்த அத்தியாயம் படித்த அன்று சோறு இறங்கவில்லை, எப்படியாவது அவரைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறார். ஆகட்டுங்க. நான்காம் பாகத்தில் பரிசல்காரன் ஒரு மீனின் வயிற்றிலிருந்து எழுந்து வந்தான். அதுவரை மீனுக்குள் என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். "மீனு சாப்பிட்டதத்தானுங்க" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

டயர் கடைக்காரர் ஒருவருக்கும் கதையின் கொடியவனுக்கும் ஒரே பெயர். கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்கிறார்கள் என்று அவர் வருத்தப்பட்டார். ஐந்தாம் பாகத்தில் கொடியவன் திருந்திவிட்டான். கொடியவன் திருந்தினால் கதைக்கு இன்னொரு கொடியவன் வேண்டும். அவன் முன்னவனைவிடப் பெரியவனாக இருக்க வேண்டும். முதல் பாகத்தில் ஒரு குளத்துக்கு ஆபத்து. பிறகு ஆற்றுக்கு, பிறகு கடலுக்கு. எட்டாம் பாகத்தில் வானமே எதிரியாகிவிட்டது. வானத்துக்கு அப்புறம் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டு ஒரு குறிப்பு அனுப்பினேன். ஒப்புகை அட்டை மட்டும் வந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான், அவர்கள் பிள்ளைகள் என்று பெயர்கள் அட்டை நிறைய இறங்கும். மணமக்கள் பெயரை நடுவில் தேட வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு தலைமுறை பேச்சுவார்த்தை நின்றுவிடும். அண்டா வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் இவரிடம் பத்திரிகை வைத்தார்கள். இவரும் கதையை அப்படித்தான் எழுதினார். முதல் பாகத்தில் ஐந்து பேர்தான். ஏழாம் பாகத்தில் பூவாத்தா ஒரு வாக்கியம் பேசுவதற்குள் கூட இருப்பவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வாக்கியம் பேசி முடிக்க வேண்டியிருந்தது. விட்டுப்போனால் அவரவர் ஆதரவாளர்கள் கைப்பேசியில் வைத்திருந்த வாசகர் குழுவில் வருத்தப்படுவார்கள்.

நீளமான மாயக்கதைகள் போகப்போகக் கெட்டுப்போவதற்கு எழுதுகிறவருக்குக் கற்பனை வற்றிவிடுவதைக் காரணமாகச் சொல்வார்கள். பணத்தாசை என்றும் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்த ஒரே நேர்வில் இரண்டும் இல்லை. பத்தாம் பாகம் வரையிலும் அவருக்குப் புதிது புதிதாகத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. இல்லாமல் போனது விலை. முதல் பாகத்தில் கதவைத் திறந்தால் ஒரு விலை உண்டு, அதை யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும். வாசகருக்குக் கதாபாத்திரங்கள் வேண்டியவர்களாக ஆக ஆக, அந்த விலையைக் கேட்க எழுதுகிறவருக்கு வாய் வராமல் போகிறது. முதலில் தவணை, பிறகு தள்ளுபடி, கடைசியில் இலவசம். இலவசமாகத் திறக்கும் கதவு வெறும் கதவு.

முதல் பாகத்தை எப்படி அப்படி எழுத முடிந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவர் கரண்டிகளை எண்ணிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார்.

"அப்ப நான் எழுதறது யாருக்கும் தெரியாதுங்க. எங்கிட்ட ஆரும் எதுவும் கேக்கலீங்க."

ஒன்பதாம் பாகம் பாதி வந்திருந்தபோது அவர் முதன்முறையாக என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக எதிரில் இருப்பவரின் குடும்பத்தையே விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்ததும், முடித்துவிட வேண்டும் என்றார்.

கடைசியாக ஒருமுறை பூவாத்தா கதவைத் திறப்பாள், இந்த முறை விதி விதியாகவே இருக்கும், அவள் தன் மகள் தாமரையை மறந்துவிடுவாள் என்று சொன்னார். தாமரை மூன்றாம் பாகத்தில் பிறந்தவள். வாசகர் குழுவில் பூவாத்தாவைவிட அவளுக்குத்தான் செல்வாக்கு. முதல் பாகம் எழுதும்போதே, மகள் பிறக்கும் முன்பே, முடிவு இதுதான் என்று தெரியுமாம்.

"அப்படியானால் எழுதிவிடுங்கள் அம்மணி. அதற்கு எதற்கு என் வீடு வரை?"

"எழுத உடமாட்டாங்க சார். ஆரும் சண்டை போட மாட்டாங்க. பதமாத்தான் கேப்பாங்க. கேட்டாங்கன்னா நான் சரின்னு போடுவனுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

அடுத்த வாரம் ஈரோட்டுக்குப் போய்ப் பதிப்பாளரிடம் நேரில் சொல்லப்போவதாகவும், நான் கூட வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் கேட்டார். தான் ஆகட்டுங்க என்று வாயெடுத்தால் நான் இருமிவிட வேண்டும். அது ஏற்பாடு. சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முந்தானை நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கி வைத்திருந்தார். இந்தப் பெண்மணி இந்த ஒரு கதையைத் தவிர வாழ்க்கையில் தனக்கென்று எதையும் வைத்துக்கொண்டதில்லை. அதன் கடைசிப் பக்கமாவது தன்னுடையதாக இருக்குமா என்பதுதான் அவர் பயம். வருகிறேன் என்றேன்.

சிங்காநல்லூரில் ஏறி ஈரோடு போகும் வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பெருந்துறை தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "இருமல் சத்தமா இருக்கோணுமுங்க" என்றார்.

பதிப்பாளர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். அச்சகத்துக்குப் பக்கத்திலேயே வீடு. மனைவி இலை போட்டு வைத்திருந்தார். அச்சகத்தில் வேலை செய்பவர்கள் ஒவ்வொருவராக வந்து கும்பிட்டார்கள். இந்தத் தொடர் ஓடுவதால்தான் தங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். சுவரில் பத்தாம் பாகத்தின் அட்டைப்படம் மாட்டியிருந்தது. ஒன்பதே இன்னும் முடியவில்லை. அட்டையில் பூவாத்தா தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பெருந்துறையிலிருந்து ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள். வாசகர்கள். அம்மா வருவது தெரிந்து பார்க்க வந்தார்களாம். அவர்கள் வந்தது ஏற்பாடா தற்செயலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பாப்பாவுக்குத் தாமரைன்னுதானுங்கம்மா பேரு வெச்சிருக்கறோம். உங்க கதையப் படிச்சுத்தான்" என்று அந்தப் பெண் குழந்தையை இவர் மடியில் வைத்தார்.

இவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். ரசம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனாலும் அவர் சொன்னார். அதை நான் பதிவு செய்தாக வேண்டும். குழந்தை மடியில் இருக்கும்போதே, ஒன்பதோடு முடித்துவிடலாம் என்று இருக்கிறேன் தம்பி என்று சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. பதிப்பாளர் மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால் இவர் ஜெயித்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து இவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா சொன்னா அதுக்கு மேல என்னங்க இருக்குது? உங்க கதை, உங்க இஷ்டமுங்க. இன்னும் ஒரே ஒரு பாகம் மட்டும் குடுத்துருங்க. இவங்களுக்கெல்லாம் நான் வேற வழி பண்ற வரைக்கும். பொறவு நான் வாயே தொறக்க மாட்டனுங்க."

நான் இருமினேன். பதிப்பாளரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார்.

இவர் வாயைத் திறந்தார். நான் மறுபடியும் இருமினேன், இந்த முறை பலமாக. மனைவி உள்ளே ஓடி மிளகு போட்ட வெந்நீரோடு வந்து, காத்து ஒத்துக்கலையுங்களா சார் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தையும் பார்த்தது. அந்த இடைவெளியில் அது நடந்துவிட்டது.

"ஆகட்டுங்க" என்றார் இவர், குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே.

திரும்பி வரும் பேருந்தில் பெருந்துறை தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன். இன்று நீங்கள் ஒரு பாகத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, முதல் பாகத்தையும் சேர்த்து விற்றுவிட்டீர்கள் என்றேன். அம்மாவைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்ட பெண்ணை, ஊரார் பிள்ளைகளை எல்லாம் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணாக்கிவிட்டீர்கள் என்றேன். ஓய்வு பெற்ற பிறகு நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். அவிநாசியில் கூட்டம் இறங்கிய பிறகு சொன்னார்:

"உங்களுக்கு ரூலு இருந்தாப் போதுமுங்க சார். எனக்கு ஆளுங்க வேணுமுங்க."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். எழுத்தில் நிற்கவில்லை.

பத்தாம் பாகம் வந்தது. பூவாத்தா கதவைத் திறக்கும் இடத்துக்கு வேகமாகப் புரட்டிப் போனேன். அவள் ஒருவரை மறக்கத்தான் செய்தாள். ஒரு காவல்காரனை. அவன் அதற்கு முந்தைய பக்கத்தில்தான் முதன்முறையாகக் கதைக்குள் வந்தான். அவளுக்கு மிகவும் வேண்டியவன் என்று ஒரு வரி சொல்லப்பட்டிருந்தது. மறக்கப்படுவதற்கென்றே நியமிக்கப்பட்ட தற்காலிகப் பணியாளர். விதி காப்பாற்றப்பட்டுவிட்டது. என் பணிக்காலத்தில் இந்த மாதிரி விதியைக் காப்பாற்றிய கோப்புகள் பீரோ பீரோவாகப் பார்த்திருக்கிறேன். ஆட்சேபணை எழுப்ப வழி இருக்காது. இந்தக் கோப்பை மட்டும் இவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை.

வாசகர்கள் யாரும் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். நல்லாருக்குதுங்க என்றார்கள். சொல்லிவிட்டு, செயலியில் அடுத்த வாரம் வந்த அத்தியாயத்தைப் படிக்கவில்லை. வாசகர் குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. யாருக்காக அவர் இல்லை என்று சொல்லாமல் இருந்தாரோ, அவர்கள் எல்லாரும் அவரிடம் இல்லை என்று சொல்லாமலே போனார்கள். ஈரோட்டில் பத்தாம் பாகம் கட்டுப் பிரிக்காமல் அடுக்கியே கிடந்தது.

கடையைக் கொடுத்துவிட்டு உடுமலைப்பேட்டையில் தங்கை வீட்டோடு போய்விடப்போவதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். மேசையைக்கூட யாரோ கேட்டு எடுத்துப் போயிருந்தார்கள். நாற்காலி ஒன்றை விரித்து எனக்குப் போட்டார். புத்தகத்தைப் பற்றி அவரே பேச்செடுத்தார்.

"நல்லாருக்குதுன்னு சொல்றப்பக் கண்ணு எங்க பாக்குதுன்னு பாத்தாத் தெரிஞ்சு போகுமுங்க. நீங்க ஒருத்தர்தான் கடுதாசில திட்டுனீங்க."

திட்டவில்லை, சுட்டிக்காட்டினேன் என்றேன். ஆகட்டுங்க என்றார். சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அவர் எழுதுவது நின்று வருடங்கள் போயின. கதை அந்தரத்தில் நின்றது. பூவாத்தா கதவுக்கு வெளியில், கையில் தாமரை, சுற்றிலும் பெருங்கூட்டம். சென்ற ஆண்டு ஈரோட்டுப் பதிப்பாளர் என்னைத் தேடி வந்தார். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. பதினோராம் பாகத்தை, அதாவது முடிவை, நான் எழுதித் தர வேண்டும் என்றார். விதிகள் எல்லாம் எனக்குத்தான் தெரியுமாம். எந்த அத்தியாயத்தில் எவன் எந்தக் காலில் நொண்டினான் என்பதுவரை தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லையாம். அவர் சொன்னது உண்மைதான்.

ஒப்பந்தப்படி வேறொருவர் எழுத ஆசிரியரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். அதைச் சொன்னதும் பதிப்பாளர் தைரியமாகவே இருந்தார்.

"அக்கா எப்பங்க இல்லைன்னு சொல்லியிருக்கறாங்க?"

இதுவும் உண்மைதான். அதனால்தான் எனக்குக் கை ஓடவில்லை. ஈரோட்டில் அன்று கூடியிருந்தவர்களின் வரிசையில் இப்போது நானும் ஒரு விண்ணப்பதாரர். கேட்டால் அவர் தந்துவிடுவார். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்தக் கடைசிக் கதவை முறைப்படி திறந்து மூட வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒன்பதாம் பாகத்திலிருந்தே இருந்தது. தடையில்லாச் சான்று கோரி, உடுமலைப்பேட்டை முகவரிக்கு, ஒரு பக்கத்தில் கடிதம் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, அவருடைய கையெழுத்தோடு. பதில் வரவில்லை.

காத்திருக்கும் நாட்களில் பதினோராம் பாகத்தைச் சுருக்கமாக எழுதிப் பார்த்தேன். தேவையற்ற ஆட்களை எல்லாம் விதிகளுக்கு உட்பட்டு வெளியேற்றினேன். பரிசல்காரனுக்கு இரண்டாம் முறை முறையான சாவு கொடுத்தேன். பூவாத்தா கதவருகே வந்தாள், தாமரையின் கையை விட்டாள், திறந்தாள், மறந்தாள். முரண் எதுவும் இல்லை. படித்துப் பார்த்தால் ஓய்வூதிய நிலுவைப் பட்டியல் மாதிரி இருந்தது. எங்கே தவறு என்று மூன்று தரம் தணிக்கை செய்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் நினைவூட்டு அனுப்பினேன். பிறகு இரண்டாவது. ஆகட்டுங்க என்ற சொல்லை எழுத ஒரு வரிகூடத் தேவையில்லை. யாரையும் காத்திருக்க வைத்தால் தூக்கம் வராத மனுஷி அவர். உடம்புக்கு முடியவில்லையோ என்று பதிப்பாளர் விசாரித்தார். நன்றாகத்தான் இருக்கிறார், தென்னந்தோப்பில் தேங்காய் எண்ணுகிற இடத்தில் பார்த்தேன் என்று யாரோ சொன்னார்களாம். பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதானுங்களே சார் அர்த்தம், ஆரம்பித்துவிடலாமே என்று பதிப்பாளர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள விதியில் இடமில்லை என்றேன். ஒவ்வொரு முறையும் அதைச் சொல்வது முன்பைவிடக் கடினமாக இருந்தது. தபால்காரர் எங்கள் வீதி முனையில் வண்டியைத் திருப்பும் சத்தம் கேட்டால் என்னை அறியாமல் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். சரி என்ற பதிலுக்குப் பயந்தேனா, அதற்காகத்தான் காத்திருந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பதில் என்னுடைய கடிதத்திலேயே, என் கையெழுத்துக்குக் கீழே, நீல மையில் எழுதி வந்தது. கட்டைவிரலால் கைப்பேசியில் எழுதியே பழகியவர். பேனா எழுத்து கோணலாக இருந்தது.

"முடியாதுங்க சார். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும். அதனாலதான் வேண்டாங்கறேன். கெடுத்தது நானு. முடிக்கிறதுன்னாலும் நான்தான் முடிக்கோணும். முடிக்க வரலைன்னா அவ அங்கயே நின்னுட்டுப் போகட்டும். ஈரோட்டுத் தம்பிக்கும் இதையேதான் எழுதிப்போட்டேன். இத எழுதறதுக்குத்தான் இத்தன நாளாச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

வாசலில் நின்றபடியே இரண்டாம் முறை படித்தேன். கைப்பேசி அடித்தது, ஈரோட்டு எண். எடுக்கவில்லை. உள்ளே போய், கடிதத்தின் மேல் மூலையில், பழைய வழக்கப்படி, பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: நவம்பர் இருபது, வியாழக்கிழமை.